பதினோராம் மாடிக்குச் சொல்லப் போனது

1

மங்கையர்க்கரசி ஓய்வு பெறப் போகிறாள். பருத்தித்துறையில் என்னோடு ஒரே நாளில் குடும்பநல மருத்துவமாதாக நியமனம் பெற்றவள். நான் வேலையை விட்டுக் கனடாவுக்கு வந்தேன். அவள் அதே சைக்கிளோடும் அதே பதிவுக் கொப்பியோடும் அங்கேயே நின்று முடித்துவிட்டாள். அவளுக்குச் சேவை நயப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். போன கிழமை தொலைபேசியில் அவளிடமிருந்து கட்டளை வந்தது.

"நீயும் ஒரு கட்டுரை தரவேணும். அங்கை எப்பிடி இருக்கிறாய் எண்டு எழுது. ஸ்னோ கொட்டுது, குளிருது எண்டு மட்டும் எழுதிப்போடாதை. உதைத்தான் எல்லாரும் எழுதுகினம்."

ஆகவே பனியைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன். என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் பலர் நான் இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட நேர்ஸ் மிஸ்ஸாக இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையைப் பரப்பியது என் அம்மா. அவர் இப்போது இல்லை என்பதால் உண்மையைச் சொல்லலாம். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை செய்தேன். விரிப்புகளும் தலையணை உறைகளும் துவாய்களும் தோய்த்து, உலர்த்தி, மடிப்பது. அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் பதினாறு வருடம் பிள்ளைப்பேற்றுக்காரரின் வீடுகளுக்குப் போய் வந்த ஒருத்திக்கு அது போதவில்லை என்பதும் உண்மை.

என் படிப்பை இந்த நாடு ஏற்றுக்கொள்ளவில்லை. பாடத்திட்டத்தை முத்திரையோடு அனுப்பச் சொன்னார்கள். மங்கைதான் அலைந்து திரிந்து எடுத்து அனுப்பினாள். முத்திரை மங்கல் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அனுப்பினோம், அதற்குள் படிவம் மாறிவிட்டதாம். மூன்றாம் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். கிழித்தது பிழைதான். ஆனால் அன்றைக்கு மனதுக்கு மிகவும் சுகமாக இருந்தது.

2

நாங்கள் இருப்பது ரொறொன்ரோ நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில். என் வீடு ஆறாம் மாடி. பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்தார். மீதிப் பேர் சோமாலியா, பிலிப்பைன்ஸ், கயானா என்று பல இடத்தவர். இரண்டு லிப்ட், அதில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது. வைத்தியரிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது. பிள்ளைகள் இல்லாமல் வயதானவர்கள் போகமாட்டார்கள், ஏனெனில் வைத்தியர் கேட்பதற்குப் பதில் சொல்ல மொழி வராது. ஆகவே வருத்தம் வந்தால் எங்கள் ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஊரிலிருந்து வந்த யாராவது கொண்டுவந்த மருந்துக் குளிசையைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மூன்றாம் மாடியில் ஒருவருக்கு முழங்காலோடு கால் எடுத்தார்கள். நல்ல மனிதர். லிப்டில் கண்டால் பகிடி விடாமல் இறங்கமாட்டார். சீனி வருத்தம், பாதத்தில் புண், ஒருவருக்கும் காட்டவில்லை. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கீழே வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஒரே கட்டடத்தில், பதினாறு வருடம் வீட்டுக்கு வீடு போய்க் குழந்தைகளின் தொப்புளையும் தாய்மாரின் காலையும் பார்த்த வடமராட்சிக்காரி ஒருத்தி மூன்று மாடி மேலே இருந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு கால் போயிருக்கிறது. இந்தக் கட்டடத்தில் இனி ஒரு கால் போகக்கூடாது என்று அன்றைக்கு எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நகரத்தின் சுகாதாரக் கந்தோர்க்காரர் கண் திறந்தார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பிறந்தநாள் கொண்டாட வாடகைக்கு விடும் அறையில், புதன்கிழமை தோறும் ஒரு தாதி வந்து இருப்பார் என்று அறிவித்தார்கள். சீனி பார்க்கலாம், பிரசர் பார்க்கலாம், கால் பார்க்கலாம். பன்னிரண்டு கிழமை பரீட்சித்துப் பார்ப்பார்களாம். சனம் வராவிட்டால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

சனம் வரவில்லை. புதன்கிழமை எனக்கு வேலை பின்னேரம்தான் என்பதால் முதல் நாளே போய்ப் பார்த்தேன். தாதியின் பெயர் பற்றீசியா, ஜமெய்க்காக்காரி, ஆறடிக்கு வளர்த்தி, குரலும் அதற்கேற்றது. அவர் தனியே இருந்து தன் பிரசரைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கிழமை இரண்டு பேர் வந்தார்களாம், கோப்பி இலவசம் என்று கேள்விப்பட்டு.

லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. தமிழிலும் இருந்தது. யாரோ ஒரு இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்திருக்க வேண்டும். "இங்கே உங்கள் இரத்தம் இலவசமாக அழுத்தப்படும்" என்று இருந்தது. இதை வாசித்துவிட்டு யார் வருவார்கள்? எனக்கே போகப் பயமாக இருந்தது.

3

பருத்தித்துறையில் என் முதல் மாதம் நினைவுக்கு வந்தது. மீன் சந்தைக்குப் பின்னால் கடற்கரை வரைக்கும் இறங்கும் ஒழுங்கைகள்தான் எனக்குத் தந்த பகுதி. மலரை வாசிக்கிறவர்களுக்கு அந்த இடத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீட்டோடு வீடு ஒட்டி, ஒரு குழாயடிக்குப் பத்து வாளி வரிசையில் நிற்கும். வாசிகசாலைச் சுவரில் அறிவித்தல் ஒட்டிவிட்டு, உள்ளே தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளின் நிறை பார்க்கக் காலையிலிருந்து காத்திருந்தேன். மதியம் வரை ஒரு பிள்ளையும் வரவில்லை. வெளியே ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சந்தையில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து மீன் விற்கும் பொன்னம்மாக்கா கடகத்தோடு அந்த வழியால் போனவ, எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, தனிய இருக்கிறாய்?"

"ஒருத்தரும் வரேல்லை அக்கா."

"நீ ஆருக்குச் சொன்னனி?"

"அறிவித்தல் ஒட்டியிருக்கிறன்."

"அப்ப சுவருக்குத்தானே சொல்லியிருக்கிறாய். இரு, சுவர் வரும். நிறுத்து அனுப்பு."

அதே கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, சீருடை போட்டவுடன் சொந்த ஊர்ப் பழக்கம் மறந்து போயிருந்தது. எங்களுக்குள் ஒரு காரியத்துக்கு ஆள் வரவேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கல்யாணமோ, பெண் பெரியவளான சாமத்திய வீடோ, காட் அடித்தால் மட்டும் போதாது. உள்ளே போய் இருந்து, தேத்தண்ணி குடித்து, சுகம் விசாரித்து, "நீங்கள் கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். வாசலில் நின்று நீட்டினால் அது மரியாதைக் குறைவு. சொல்லாமல் விட்டால் அது பகை. சொந்த மச்சாளின் கல்யாணத்துக்கே "எங்களுக்கு முறையாய்ச் சொல்லேல்லை" என்று கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் நாங்கள்.

அடுத்த முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். தராசின் கொளுக்கி வளையும் அளவுக்குப் பிள்ளைகள் வந்தார்கள்.

4

மூன்றாம் புதன்கிழமை பற்றீசியாவுக்கு என் அரைகுறை ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். ஒருவரும் வராத அறையைக் காவல் காத்து என்ன பயன், பூட்டிவிட்டு என்னோடு வா என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டு திறப்பை எடுத்தார். தன் ஊரிலும் பாட்டிமார் இப்படித்தான், கூப்பிடாத இடத்துக்கு வரமாட்டார்கள் என்றார்.

நாங்கள் வீடு வீடாகப் போனோம். தமிழ் வீடு, சோமாலிய வீடு என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருத்தி ஏதாவது குடிக்கத் தந்தார்கள். சீனி வருத்தத்தைப் பற்றிச் சொல்லப் போன இடத்தில் இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. பற்றீசியா ஐந்தாவது வீட்டில் என் காதுக்குள், இப்படியே போனால் நாளைக்கு என் சீனியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

என் மகள் ஆரணிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. காப்புறுதிக் கந்தோரில் வேலை, எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பாள். "அம்மா, இங்கே ஆட்களின் கதவை இப்படித் தட்ட ஏலாது. அது அவையின்ரை பிறைவசி," என்றாள். என்னோடு தமிழில் கதைக்கும்போதும் அவளுக்கு இடையில் ஆங்கிலம்தான் கைகொடுக்கும். அவள் சொன்னது போலவே கட்டட முகாமையாளரிடமிருந்து கடிதம் வந்தது: வீடு வீடாகப் போய் விளம்பரம் செய்வது தடை. நான் அதை மடித்து அலுமாரியில் வைத்தேன். அயலவரைச் சுகம் விசாரிப்பதற்கு யாரும் தடை போட முடியாது என்று ஆரணியை விட்டே மரியாதையாகப் பதில் எழுதுவித்தேன். அவள் திட்டிக்கொண்டே எழுதினாள். நல்ல கடிதம்.

நான்காம் புதன் காலை பத்து மணி. லிப்ட் திறந்தது. பட்டுச்சேலையோடு ஏழாம் மாடி அக்கா வந்தா. அவவுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர், கழுத்தில் சங்கிலி, தலையில் பூ, ஆண்கள் கோட் போட்டு. ஒருவர் தட்டில் பணியாரம் கொண்டுவந்திருந்தார். முறையாகச் சொன்ன இடத்துக்கு முறையாக வந்திருக்கிறார்கள்! சேலைச் சட்டையின் இறுக்கமான கைக்கு மேலே பிரசர் பட்டி சுற்ற முடியாமல் பற்றீசியா பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். சோமாலியக் கிழவி தன் மூன்று மருமகள்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதிரை போதாமல் என் வீட்டுக் கதிரைகளை இறக்கினோம். யார் முந்தி வந்தது என்று இரண்டு பேர் சண்டையும் பிடித்தார்கள். சண்டை வந்துவிட்டால் விசேஷம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

அன்று பின்னேரம் வேலைக்குப் போய் விரிப்பு மடிக்கும்போது என்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தேனாம். கூட வேலை செய்தவள் சொன்னாள்.

5

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

கட்டடம் முழுக்கச் சொன்ன நான், பதினோராம் மாடியில் ஒரு வீட்டை மட்டும் விட்டேன். அது சிவபாதம் மாஸ்டரின் வீடு. இணுவில்காரர், கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி புவனேஸ் அக்கா. கோவில், பஞ்சாங்கம், சைவச் சாப்பாடு என்று இருப்பவர்கள். பற்றீசியாவிடம், அவர்கள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்று பொய் சொல்லிவிட்டு, கதவுக்குக் கீழால் அந்தத் துண்டுப் பிரசுரத்தைத் தள்ளிவிட்டு வந்தேன்.

ஏன் என்று மங்கைக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தோட்டக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். ஒரு வீட்டில் பிரசவம் முடிந்து பத்து நாள் குழந்தை. வீட்டுக்காரி வேலிப் படலையிலேயே எங்களை மறித்து, "பிள்ளையள் எந்த இடம்?" என்று கேட்டா. எங்கள் பக்கத்தில் அது ஊரை மட்டும் விசாரிக்கும் கேள்வி இல்லை, சாதியை விசாரிக்கும் கேள்வி. மங்கை கரவெட்டி என்றாள். நான் பருத்தித்துறைக் கடற்கரை என்றேன். மங்கையை உள்ளே கூப்பிட்டா. என்னை வெளியே நிற்கச் சொன்னா. குழந்தையைத் துணியில் சுற்றிப் படலைக்குக் கொண்டுவந்து காட்டினா. மங்கை அன்று அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை; திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். எனக்கு அப்போது இருபது வயது. அந்த வெயிலும் அந்தப் படலையும் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

மாஸ்டர் வீட்டு வாசலில் நிற்க என் கால் கூசியது. அவ்வளவுதான் காரணம்.

எட்டாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறையில் புவனேஸ் அக்காவைக் கண்டேன். குனிந்து தொட்டியில் காலுக்குப் போடும் மேஸ் ஒன்றைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தா. இயந்திரம் இருக்க ஏன் கையால்? கிட்டப் போனேன். வெள்ளை மேஸ், பெருவிரல் பக்கம் மஞ்சளும் மண்ணிறமுமாகக் கறை. கறைகளோடு வாழ்கிறவள் நான். அது தேத்தண்ணிக் கறை இல்லை, சேற்றுக் கறையும் இல்லை. புண் மணமும் வந்தது.

"அக்கா, இது மாஸ்டரின்ரையோ? எத்தினை நாளாய்?"

அவ நிமிரவில்லை. "ஒரு மாதம் இருக்கும். அவர் சொல்லக்கூடாது எண்டவர்."

"நாளைக்குப் புதன். கீழை கூட்டிக்கொண்டு வாங்கோ. பற்றீசியா ஒரு வார்த்தை சொன்னால் அண்டைக்கே காயம் பார்க்கிற இடத்திலை எடுப்பினம். நீங்கள் தனியப் போனால் மாதக்கணக்காய்க் காத்திருக்க வேணும்."

"அவர் வரமாட்டார்."

"ஏன்?"

இப்போது நிமிர்ந்தா. கண்ணில் கோபம் இருந்தது. "ஏனோ? கட்டடத்திலை எல்லாருக்கும் போய் இருந்து சொன்னனீங்கள். எங்களுக்குக் கதவுக்குக் கீழாலை ஒரு கடுதாசி. மனிசர் இல்லாத வீட்டுக்குப் போட்டமாதிரி. அவர் அதைக் கையிலை எடுத்து வைச்சுக்கொண்டு, 'எங்களை மட்டும் ஏன் விலத்தினவை?' எண்டு கேட்டவர். சொல்லாத இடத்துக்கு அவர் எப்பிடி வருவார்?"

விலத்தினது நானா? விலத்தி நிறுத்தப்பட்டவள் அல்லவா நான்? அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவவின் கையில் அந்த மேஸ் இருந்தது. மூன்றாம் மாடி மனிதரின் சக்கர நாற்காலி மனதில் உருண்டது.

6

மேலே வந்து சேலை மாற்றினேன். சொல்லப் போகும்போது இரண்டு பேராகப் போக வேண்டும். தனியே போனால் ஒப்புக்குச் சொன்னதாகப் போய்விடும். பற்றீசியா இல்லை. என் கணவர் லொறியோடு வேறு மாகாணத்தில். ஆரணி அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கழற்றாதை. வா, ஒரு வீட்டுக்குச் சொல்லப் போகவேணும்."

"அம்மா, ரெக்ஸ்ட் அனுப்பினால் என்ன?"

"வா எண்டால் வா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சப்பாத்தை மறுபடியும் மாட்டினாள்.

மாஸ்டர்தான் கதவைத் திறந்தார். வேட்டி, கம்பளிச் சட்டை, காலில் தடித்த மேஸ். ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மாஸ்டர், நாளைக்குக் கிளினிக். உங்களுக்கும் அக்காவுக்கும் சொல்ல வந்தனாங்கள்."

"கடுதாசி முதலே கிடைச்சது."

அவர் விலகவில்லை. நானும் அசையவில்லை. வாசற்படியில் என் கால் தானாக நின்றுவிட்டது. இந்த வயதிலும், இந்த நாட்டிலும், யாரோ உள்ளே கூப்பிடட்டும் என்று நின்றேன். ஆரணிக்கு இதில் எதுவும் தெரியாது. நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. "அங்கிள், உள்ளுக்கு வரலாமா?" என்று கேட்டபடியே அவள் அவரைத் தாண்டிப் போய், சோபாவில் அவர் வழக்கமாக இருக்கும் மூலையில் போய் இருந்துவிட்டாள். பிள்ளை என்னை விட்டு, என் ஊரை விட்டு, எவ்வளவோ தூரம் போய்விட்டாள் என்று நான் அழுத நாட்கள் உண்டு. அன்றைக்கு அவள் அவ்வளவு தூரம் போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

"நீங்களும் வந்து இருங்கோ," என்றார் மாஸ்டர். இருந்தேன். மாஸ்டர் எதிர்க் கதிரையில் இருந்தார்.

"பருத்தித்துறை எண்டு கேள்விப்பட்டன். அங்கை எந்த இடம்?"

அந்தக் கேள்வி வந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் அதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்லப் பழகியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்பேன், பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் என்பேன். அன்று நேரே சொன்னேன்.

"கடற்கரை. மீன் சந்தைக்குப் பின் ஒழுங்கை. அப்பா கடலுக்குப் போனவர். அம்மா சந்தையிலை மீன் வித்தவ. உதாலைதான் மாஸ்டர் நான் முதல் வரேல்லை. வாசலிலை வைச்சுக் கதைச்சு அனுப்பிப்போடுவியள் எண்டு நினைச்சனான்."

மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். சமையலறை வாசலில் புவனேஸ் அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றுவிட்டா. ஆரணி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. முதல் தடவையாக ஒரு தெரியாத மனுசியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீங்கள் நினைச்சதிலை பிழை இல்லை," என்றார் மாஸ்டர் மெதுவாக. "என்ரை அம்மா ஆக்களைப் படலையிலை மறிச்சு வைச்சுத்தான் கதைக்கிறவ. நான் படிச்ச பெடியன், பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒரு நாளும் ஒண்டும் சொன்னதில்லை."

பிறகு என்னை நேரே பார்த்தார்.

"ஆனால் பிள்ளை, ஒரு மாதமாய் நான் உந்தக் கதவைப் பாத்துக்கொண்டு இருந்தனான். லிப்ட் நிக்கிற சத்தம் கேட்டால் நீங்கள்தான் எண்டு எழும்புவன். பக்கத்து வீட்டுக்குச் சொன்னியள். முன் வீட்டுக்குச் சொன்னியள். இஞ்சாலை மட்டும் திரும்பேல்லை."

எங்கள் சனத்தின் கிறுக்கைப் பாருங்கள்: ஒருத்தி உள்ளே விடமாட்டார்கள் என்று வெளியே நிற்கிறாள்; ஒருவர் ஏன் வரவில்லை என்று உள்ளே இருந்து புழுங்குகிறார்; நடுவில் ஒரு கால் அழுகுகிறது.

"கால் எப்பிடி மாஸ்டர்?"

"நோகேல்லை."

"அதுதான் எனக்குப் பயம். கழற்றுங்கோ."

மேஸை உருட்டினார். பெருவிரலின் அடிப்பக்கம் ஒரு குழி. சுற்றிவரத் தோல் வெந்து வெளிறியிருந்தது. பின்னேரம் தோறும் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் கால் வைத்திருக்கிறார். சீனி வருத்தத்தால் சூடு தெரியாத பாதம்; வெந்தது அவருக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்குச் சவர அலகால் தோலை வேறு சீவியிருக்கிறார். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசியிருந்தது.

நான் நிலத்தில் இருந்து அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன்.

"ஐயோ பிள்ளை, தொடாதை!" என்றா புவனேஸ் அக்கா.

என் கை நின்றது. ஒரு கணம் நான் பழைய படலையில் நின்றேன். "ஏன் அக்கா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மணக்குதெல்லோ," என்றா. அழுதுகொண்டிருந்தா. "எனக்கே வெக்கமாய் இருக்குது. உன்ரை சேலை பழுதாய்ப் போகும்."

"சேலை தோய்க்கிறதுதான் அக்கா என்ரை வேலை."

மாஸ்டர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுக்குத்தான். ஆரணி அதற்குள் சோபாவிலிருந்து இறங்கி என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். சொல்லாமலே தன் கைத்தொலைபேசி வெளிச்சத்தை அந்தக் குழிக்குப் பிடித்தாள்.

7

மறுநாள் பத்து மணிக்கு முதல் ஆளாக மாஸ்டர் வந்தார், கோட் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி. பற்றீசியா காலைப் பார்த்தார், எழும்பினார், அந்தப் பெரிய குரலில் தொலைபேசியில் யாரையோ பிடித்துக் கத்தினார். அவர் கத்தினால் கந்தோர்களும் அசையும். மதியத்துக்குள் மாஸ்டர் காயம் பார்க்கும் சிகிச்சை நிலையத்தில் இருந்தார். ஆரணி அரை நாள் லீவு போட்டுக் கூடப் போய் மொழிபெயர்த்தாள். குழி எலும்புக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு கிழமை விட்டிருந்தால் போயிருக்கும் என்று அங்கிருந்த வைத்தியர் சொன்னாராம்.

காயம் ஆற ஐந்து மாதம் எடுத்தது. புதன் தோறும் நான் கட்டுப் போடுவதைப் பற்றீசியா பக்கத்தில் நின்று பார்ப்பார். முதலில் என்னைச் சரிபார்க்கப் பார்த்தார், பிறகு கதைப்பதற்காகப் பார்த்தார். ஐந்து விரலும் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு தடவை இல்லை. மங்கை, நீ இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளின் விரல்களை எண்ணியிருப்பாய். அறுபத்தெட்டு வயதுக்காரரின் கால் விரலை எண்ணும் சந்தோசம் உனக்குத் தெரியாது!

பன்னிரண்டாம் கிழமை கந்தோரிலிருந்து ஒரு அம்மா வந்தார், கையில் கணினியோடு. கதிரைக்கு இடமில்லாமல் சனம் படிக்கட்டில் இருந்தது. இவர்களை எப்படிக் கொண்டுவந்தீர்கள், என்ன முறை என்று கேட்டார். பற்றீசியா என்னைக் காட்டினார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், போய்ச் சொன்னோம் என்றேன். அவர் அது மட்டும்தானா என்பது போலப் பார்த்தார். அது மட்டும்தான்.

கிளினிக் நின்றுவிட்டது, அதாவது எங்களுக்கே என்று நிலைத்துவிட்டது. அது மட்டுமில்லை, றோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கட்டடத்திலும் தொடங்கப் போகிறார்கள். அங்கே வீடு வீடாகப் போய்ச் சொல்வது இப்போது என் வேலை. கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை தந்திருக்கிறார்கள். சமூக சுகாதாரப் பணியாளர் என்று பெயருக்குக் கீழே போட்டிருக்கிறது. சலவை அறைக்கு விடை சொல்லிவிட்டேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது. அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, மன்னிக்கவும்.

போன சனிக்கிழமை அந்தக் கட்டடத்துக்கு முதல் நாள் சொல்லப் புறப்பட்டேன். ஆரணி வருவதாக இருந்தது, கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. தனியே போவோம் என்று கீழே இறங்கினால், வாசலில் மாஸ்டர் நிற்கிறார். புதிதாகச் செய்து கொடுத்த அகலச் சப்பாத்து, கையில் ஊன்றும் பொல்லு.

"ஆரணி போன் பண்ணினவ. வாங்கோ, போவம்."

"மாஸ்டர், உங்கடை காலுக்கு..."

"காலுக்கு நடை வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

முதல் கதவைத் தட்டினோம். அவர் வயதில் ஒருவர் திறந்தார். தமிழர்தான். என் கழுத்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மாஸ்டரின் நெற்றித் திருநீற்றைப் பார்த்து அவரோடு மட்டும் கதைத்தார்.

"நீங்கள் ஊரிலை எந்த இடம்?"

"நான் இணுவில்."

"இவ?"

நான் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் சொன்னார், வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பெடியனுக்கும் கேட்கும் குரலில்: "பருத்தித்துறைக் கடற்கரை. நாங்கள் ஒரு வீடு. உங்களுக்குச் சொல்ல வந்தனாங்கள்."

சொல்லிவிட்டுப் பொல்லால் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் தள்ளி, முதலில் என்னை உள்ளே போகவிட்டார்.